கணினிப் பெட்டியுள் மதர்போர்டைப் பொருத்தும் முறை

நம் கல்லூரி மாணவருள், தமக்கு வேண்டிய கணினியைத் தாமே உறுப்புறுப்பாக வாங்கிப் பூட்டிக்கொள்வோர் பலர் உளர். தன் கையாற் பூட்டியதைப் பழுதுற்ற காலத்துத் தானே பிரித்துப் பார்க்கலாம் என்பது அவர்கள் கூறும் காரணம். நல்ல காரணமே. ஆயினும் இவ்வேலையில் ஒரு படி உண்டு. ஏனைப் படிகளிற் பிழை செய்தால் பெரும்பாலும் கணினி ஓடாது, அவ்வளவே. பிழையைத் திருத்தினால் ஓடும். இப்படியிற் பிழை செய்தாலோ பொருளே அழிந்துபோம். அஃதாவது, மதர்போர்டு என வழங்கும் தாய்ப்பலகையை இரும்புப் பெட்டியுள் வைத்துத் திருகி அமர்த்துவதாம். இதைக் குறித்து எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே: யான் ஒரு பலகையை எரித்திருக்கின்றேன்.

சில ஆண்டுகட்கு முன் நம் பௌதிகசாலையில் அளவுக் கருவியொன்றோடு இணைந்திருந்த பழைய கணினி திடீரென நின்றுவிட்டது. புதியது வாங்குதற்கு எழுதிக் கேட்டு, உத்தரவு வந்து, பொருள் வந்து சேருமுன் செய்முறைத் தேர்வு வந்துவிடும் போலத் தோன்றிற்று. அப்பொழுது இறுதியாண்டு மாணாக்கர் 32 பேர் தலைக்கு 250 ரூபாய் வீதம் தம் கைப்பணத்திலிருந்து எடுத்து, 8,000 ரூபாயை என் மேசைமேற் கொண்டுவந்து வைத்தனர். அவருட் சிலருக்கு அத்தொகை எளிதன்று என்பதை யான் அறிவேன். அப்பணத்திற் புதிய மதர்போர்டு ஒன்று வாங்கினோம். பெட்டியும் பவர் சப்ளையும் பழையவையே. ஒரு சனிக்கிழமை பிற்பகல் மாணாக்கர் சூழ்ந்து நிற்க, பழைய பலகையைக் கழற்றிப் புதியதை வைத்துத் திருகி முடித்துப் பொத்தானை அழுத்தினேன். விசிறி கால்வாசிச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடியும் அழுத்தினேன், முன்போலவே நின்றது. மூன்றாம் முறை அழுத்தியபோது தீய்ந்த வாடை எழுந்தது. மாணாக்கர் ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எங்கே தவறினேன் என்பதை விளக்குமுன், பலகையின் இயல்பைச் சிறிது சொல்லுதல் வேண்டும்.

மதர்போர்டென்பது கண்ணாடி இழைத்துணியை எப்பாக்சிப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த ஒரு தட்டு. அதன் கனம் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர். அதன் மேலும் கீழும் உள்ளுமாகச் செம்பு நான்கு அடுக்காகவோ ஆறு அடுக்காகவோ, சிலவற்றில் அதனினும் மிகுதியாகவோ படிந்திருக்கும். மின்சாரம் செல்லும் வழிகளெல்லாம் அச்செம்பில் அமைந்த கோடுகளே. மேற்புறத்தில் நாம் காணும் உறுப்புக்களுட் பல, தம் கால்கள் துளைவழியே இறங்க, அடிப்புறத்திற் பற்றாசு வைத்து நிறுத்தப்பட்டவை. ஆதலால் பலகையைத் திருப்பி நோக்கினால் அதன் அடிப்புறம் பலாப்பழத்தின் தோல்போல முள்முள்ளாக இருக்கும். அம்முனைகளுக்கு மூடியில்லை. ஒன்றில் 12 வோல்ட்டும், அயலில் 5 வோல்ட்டும், பிறிதொன்றில் 3.3 வோல்ட்டும், பிராசசருக்குச் செல்லும் வழியில் ஏறக்குறைய 1 வோல்ட்டும் நிற்கும். பெட்டியோ எஃகுத் தகடு. அதன் எப்பகுதியும் பூச்சிய வோல்ட்டே. ஆதலின் 12 வோல்ட் நிற்கும் முள் ஒன்று தகட்டைத் தொட்டால், இடையில் எத்தடையுமின்றி ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டுவிடும்.

"12 வோல்ட் தானே, கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாதே" என்று மாணவர் வினவுவதுண்டு. உடம்புக்கு ஒன்றும் செய்யாதென்பது மெய்யே. ஆயினும் சாதாரணமான 450 வாட் பவர் சப்ளை ஒன்று, 12 வோல்ட் வழியில் 30 ஆம்பியருக்கு மேலும் தரவல்லது. அத்துணை ஓட்டம் மெல்லிய செம்புக்கோட்டின் வழியே பாயின் அக்கோடு நொடிப்பொழுதில் வெந்து போகும். ஷார்ட் ஏற்பட்டவுடன் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் காப்பு இக்காலத்துப் பவர் சப்ளைகளில் உண்டு. ஆனால் அக்காப்பு பெரிய ஓட்டத்தை நிறுத்துதற்கு ஏற்பட்டதேயன்றி, பலகையிலுள்ள ஒவ்வொரு கோட்டின் மெலிவையும் அறிந்து ஏற்பட்டதன்று. என் விசிறி இருமுறை நின்றது அக்காப்பினாலேயாம். அது இருமுறை சொல்லியும் கேளாது மூன்றாம் முறை அழுத்தியது என் குற்றம்.

பலகைக்கும் தகட்டுக்கும் இடையே ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் காற்று நிற்றல் வேண்டும். அவ்விடைவெளியைத் தருவன, ஸ்டாண்டாஃப் என்று கடைக்காரர் வழங்கும் அறுகோணப் பித்தளைக் கால்கள். ஒவ்வொரு காலின் கீழ்முனையும் தகட்டில் திருகிக்கொள்ளும். மேல்முனையில் மரையுள்ள ஒரு குழி. பலகையின் துளைவழியே வரும் திருகாணி அக்குழியில் இறங்கிப் பலகையைப் பற்றும். சில மலிவான பெட்டிகளில் தகட்டையே மேடாக உயர்த்தி அடித்து மரை வெட்டியிருப்பர். வேறு சிலவற்றில் நடுக்காலில் மரைக்குழிக்குப் பதிலாகச் சிறு முளை ஒன்று நிற்கும். பலகை தன் இடத்தில் வந்து உட்காருதற்கு அது வழிகாட்டி. அதற்குத் திருகாணி இல்லை. ஒரு திருகாணி குறைகின்றதே என்று பெட்டி முழுதும் தேடிக் களைத்தவரை யான் கண்டதுண்டு.

துளைகளும் கால்களும் எங்கெங்கே இருத்தல் வேண்டுமென்பது தொழிற்சாலைகள் தம்முள் ஒத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு. ஐ.பி.எம். கம்பெனி 1981-ஆம் ஆண்டில் தன் பர்சனல் கம்ப்யூட்டரையும், 1984-இல் ஏ.டி. என்னும் பொறியையும் வெளியிட்டபின், பிறரும் அவற்றைப் பின்பற்றிப் பெட்டிகள் செய்தனர். அக்காலத்துப் பெட்டிகளிற் பலவற்றில் பலகைக்கு நைலான் கால்களே மிகுதி. பித்தளை ஒன்றோ இரண்டோ இருக்கும். பவர் சப்ளையிலிருந்து வரும் செருகிகளும் இரண்டாகப் பிரிந்திருந்தன. அவற்றை இடம் மாற்றிச் செருகினால் பலகைக்கே அழிவு. கறுப்புக் கம்பிகள் இரு செருகியிலும் அடுத்தடுத்து வரல் வேண்டுமென்பதை அத்தொழிலாளர் மந்திரம்போல் மனத்திற் கொண்டிருந்தனர். 1995-இல் இண்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்னும் அளவை வெளியிட்டது. அதில் ஒரே செருகி. மாற்றிச் செருக இயலாதபடி செய்யப்பட்டது. பலகையின் அளவு 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். 1997-இல் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வந்தது, அது பக்கம் 244 மில்லிமீட்டர் கொண்ட சதுரம். 2001-இல் வியா கம்பெனியின் மினி ஐ.டி.எக்ஸ்.; அது 170 மில்லிமீட்டர்ச் சதுரம். பிந்தியவை முந்தியவற்றின் பெட்டியிலும் அமரவேண்டுமென்று கருதித் துளைகளிற் பெரும்பகுதியைப் பொதுவாகவே வைத்தனர். மினி ஐ.டி.எக்ஸ். பலகையின் நான்கு துளைகளும் ஏ.டி.எக்ஸ். பலகையின் துளைகளுள் நான்கே.

பெரும்பகுதி பொதுவென்றேன், முழுதும் பொதுவென்றேனில்லை. என் பலகை எரிந்தது இவ்விரண்டிற்கும் இடையிலேதான். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை ஏ.டி.எக்ஸ். பலகையைவிடக் குட்டையாதலால், அதன் கீழ்விளிம்பைத் தாங்குதற்கென்று தனியாகச் சில துளைகள் அதற்கு உண்டு. நீண்ட பலகையில் அவ்விடங்களுக்கு நேரே பெரும்பாலும் துளையில்லை. ஆண்டுப் பற்றாசு முனைகளும் கோடுகளும் இருக்கும். எங்கள் பழைய பலகை மைக்ரோ. புதியது முழு ஏ.டி.எக்ஸ். பழையதைக் கழற்றியபோது கால்களைக் கழற்றாமல் விட்டேன். புதிய பலகையை வைத்தவுடன் மேற்பகுதித் துளைகள் கால்களுக்கு நேரே அழகாக வந்து நின்றன. கீழ்ப்பகுதியில் இல்லாதிருந்த கால்களைச் சேர்த்தேன். குறைந்ததைச் சேர்த்தேனேயன்றி, மிகுந்ததை எடுத்தேனில்லை. மிகுந்த கால் ஒன்று பலகையின் வயிற்றடியில், கார்டு செருகும் வாயின் முள்ளொன்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. பலகை மேலே இருக்கும்போது அக்கால் எவர் கண்ணுக்கும் தெரியாது.

ஆகையால் இவ்வேலையில் முதற்காரியம், பலகையைக் கையில் எடுக்குமுன் எண்ணுதல். பலகையின் துளைகளை எண்ணுக. பெட்டியிலுள்ள கால்களை எண்ணுக. பின்பு பலகையைப் பெட்டியின் மேலே பிடித்து, ஒவ்வொரு காலுக்கும் நேரே ஒரு துளை உளதா என்று நோக்குக. துளையில்லாத காலைத் தயங்காமற் கழற்றிவிடுக. கால் இல்லாத துளைக்குக் கால் இடுக. முதலிற் சொன்னதை விட்டாற் பலகை எரியும். இரண்டாவதை விட்டாற் பலகை வளையும். வளைதலும் சிறு தீங்கன்று. விலை குறைந்த பலகைகள் சில அகலத்திற் குறுகி, முன்விளிம்பிலே துளையின்றி அந்தரத்தில் நிற்கும். 24 முனையுள்ள பெரிய மின்செருகியும் ராம் என்னும் நினைவுப் பலகைகளும் அவ்விளிம்பின் அருகேதான் அழுத்திச் செருகப்படுவன. கீழே தாங்கலின்றி அழுத்தும்போது பலகை வில்போல் வளையும், அதில் ஒட்டியுள்ள பீங்கான் கெப்பாசிட்டர்கள் வளையமாட்டா, விரிசல் விடும். அவ்விரிசல் அன்றைக்குத் தெரியாது. பல மாதம் கழித்துக் காரணமின்றிக் கணினி நிற்கும். அத்தகைய பலகையாயின் ராமைப் பெட்டிக்கு வெளியிலேயே செருகிவிடுதலும், மின்செருகியை அழுத்தும்போது மற்றொரு கையை விளிம்பின்கீழ்க் கொடுத்துத் தாங்குதலும் வேண்டும்.

துளையைச் சுற்றி வெள்ளிபோல் மின்னும் வளையம் ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். உலோகம் உலோகத்தைத் தொட்டால் தீங்காயின், இவ்வளையம் திருகாணியையும் காலையும் தொடுகின்றதே என்னும் ஐயம் எழுதல் இயல்பு. பெட்டிகளோடு சிவந்த நார்த்தாள் வளையங்கள் வந்த காலத்தில், அவ்வையத்தினாலேயே பலர் அவற்றைத் திருகாணிக்கடியில் இட்டனர். இன்றைய பலகைக்கு அவை வேண்டுவதில்லை. அவ்வெள்ளி வளையம் பலகையின் பூச்சிய வழியோடு இணைந்தது. பெட்டியும் பவர் சப்ளையின் வழியே அதே பூச்சியத்தோடு இணைந்தது. இரண்டும் ஓரிடத்தன்றிப் பல இடங்களில் இணைவதனால், அதிவேகமாக அலையும் மின்னதிர்வுகள் குறுகிய வழியிற் பெட்டியைச் சேர்ந்து அடங்கும். தொடவேண்டிய இடம் இது. தொடலாகாத இடம் ஏனையதெல்லாம்.

பூச்சியமென்று சொல்லியதும் வீட்டு மின்சாரத்தின் மூன்றாம் முனையைப் பற்றி ஒரு சொல் சொல்லாமற் கடக்க மனம் வரவில்லை. நில இணைப்பில்லாத செருகுவாயில் கணினியைச் செருகிப் பெட்டியைத் தொட்டால் விரலில் நமநமவென்று ஓர் உணர்ச்சி உண்டாவதைப் பலர் அறிவர். பெட்டி கெட்டுப்போயிற்றென்று சிலர் அதைத் திருப்பிக் கொடுக்கச் செல்கின்றனர். குற்றம் பெட்டியினதன்று. பவர் சப்ளையின் வாயிலில் அலைகளை வடிக்கும் கெப்பாசிட்டர்கள் இரண்டு, ஒன்று மின்கம்பிக்கும் பெட்டிக்கும் இடையிலும், மற்றொன்று நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் இடையிலும் இருக்கின்றன. நிலம் பற்றாதபோது பெட்டி அவ்விரண்டின் நடுவிலே, 230 வோல்ட்டிற் பாதியாகிய 115 வோல்ட்டளவில் மிதக்கும். ஓட்டம் மிகச் சிறிதாதலால் உயிருக்கு அச்சமில்லை. எனினும் நிலம் பற்றிய வேறொரு கருவியின் கம்பியை அதிற் செருகும் கணத்தில் பொறி பறந்து, செருகுவாயின் உட்சில்லு கெடுதல் கூடும். மதர்போர்டை எவ்வளவு கவனமாகத் திருகினாலும், சுவரிலுள்ள மூன்றாம் துளை வெறுந்துளையாயின் அக்கவனம் பாதி வீண். மின்பணியாளரை அழைத்து முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுக.

இனி நிலைமின்சாரம். இதைக் குறித்து மிகையான அச்சமும் உண்டு, மிகையான அலட்சியமும் உண்டு. கதவின் கைப்பிடியைத் தொடும்போது சுள்ளென்று படுமே, அதை நாம் உணர்தற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். மனித உடம்பை 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டராகவும், தோலின் தடையை 1,500 ஓமாகவும் கொண்டு கணக்கிடுவது இத்துறையார் வழக்கம். அக்கணக்கின்படி அப்பொறியிலுள்ள சக்தி ஒரு ஜூலின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஆயின் அது வெளிப்படுவதோ ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறுகிய காலத்தில். அப்போது ஓட்டம் 2 ஆம்பியர் வரை எழும். சில்லுக்களினுள்ளே சில நானோமீட்டர் கனமே உள்ள படலங்களை அது துளைத்துவிடும். நமக்குத் தெரியாமலே நூறு இருநூறு வோல்ட் நம் உடம்பில் நிற்பதும் சிலவற்றுக்குக் கேடே. நல்வாய்ப்பாக, ஈரக்காற்று வீசும் கடற்கரையூர்களில் இது அருகியே நேரும். குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றிற் பாலியெஸ்டர் உடையோடு வேலை செய்வோர்க்கே அச்சம் மிகுதி. பரிகாரம் எளிது. கையும் பெட்டியும் பலகையும் ஒரே மின்னிலையில் இருந்தாற் போதும். பலகையைப் பையிலிருந்து எடுக்குமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுக. வேலையின் நடுவே எழுந்து சென்று மீண்டால் மறுபடியும் தொடுக. மணிக்கட்டுப் பட்டை இருப்பின் இன்னும் நன்று. அதிலுள்ள 10 லட்சம் ஓம் தடையை வீணென்று எவரும் கழற்றலாகாது. தவறி மின்கம்பியைத் தொட்டால் உயிரைக் காப்பது அதுவே.

பலகையைப் பெட்டியில் இறக்குமுன், அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்துப் பிராசசரையும், ராமையும், வெப்பந்தணிக்கும் விசிறியையும் பூட்டி, ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிடுதல் என் வழக்கமாயிற்று. வெளியே ஓடிய பலகை உள்ளே ஓடவில்லையாயின், குற்றம் பொருத்துதலில் உள்ளதென்று உடனே தெளிவாகும். இச்சோதனையை அட்டைமேற் செய்க. பலகை சுற்றிவந்த பளபளப்பான பையின்மேற் செய்யற்க. அப்பை மின்னேற்றத்தைப் பரவவிடுதற்கென்றே செய்யப்பட்டது. விசிறியைப் பலகையின் பின்புறமிருந்து பற்றும் தகடு உள்ளதாயின் அதையும் வெளியிலேயே பூட்டுக. நான்கு முளைகளை அழுத்திப் பூட்டும் வகையாயினும் வெளியிற் செய்தலே நலம். முளைகள் மறுபுறம் முற்றும் வெளிவந்தனவா என்று திருப்பிப் பார்க்கலாம். சோதனை முடிந்தபின் சுவர்ச்செருகியைப் பிடுங்கிவிடுக. கணினி அணைந்திருந்தாலும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் பலகையில் நின்றுகொண்டேயிருக்கும். கைதவறி விழும் ஒரு திருகாணிக்கு அதுவே போதும்.

பின்னர்ப் பெட்டியின் பின்புறமுள்ள செவ்வகவாயில், பலகையோடு வந்த மெல்லிய தகட்டை உள்ளிருந்து அழுத்தி நான்கு மூலையும் படியச் செய்க. இதை மறந்து பலகையைத் திருகியபின் நினைவுகூர்வோர் எண்ணிறந்தோர். எல்லாத் திருகாணியையும் மீளக் கழற்றுவதன்றி வேறு வழியில்லை. அத்தகட்டின் விளிம்பிற் சிறு வில்நாக்குகள் உண்டு. பலகையைச் சாய்த்து, செருகுவாய்கள் உள்ள பக்கத்தை முதலில் நுழைத்து, மெல்லத் தாழ்த்துக. நாக்கொன்று மடங்கி யூ.எஸ்.பி. வாயினுள் புகுந்துவிடுதலும் உண்டு. வெளிப்புறமிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று. நாக்குகள் பலகையை ஒருபுறமாகத் தள்ளுவதால் துளைகள் கால்களுக்கு நேரே நில்லாமல் சிறிது விலகித் தோன்றும். பலகையை அவற்றுக்கெதிராக மெல்ல அழுத்திப் பிடித்து முதல் திருகாணியை இடுக. விலகிய நிலையிலேயே பலகையை இழுத்து உராய்த்தால், கால்களின் விளிம்பு அடிப்புறக் கோடுகளைச் சீவிவிடும்.

திருகாணியில் இருவகை வழங்குகின்றன. ஒன்று 3.5 மில்லிமீட்டர்க் குறுக்களவும் பருமரையும் உள்ளது. மற்றொன்று 3 மில்லிமீட்டரும் நுண்மரையும் உள்ளது. பெட்டியோடு வரும் சிறு பையில் இரண்டும் கலந்திருக்கும். கால்களின் குழியும் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். பலகையை வைக்குமுன், வெறுங்காலில் விரலாலேயே திருகிப் பார்த்து வகையறிக. விரலால் இறங்காத திருகாணியைத் திருப்புளியால் இறக்கற்க. பித்தளை மரை சிதைந்தால் பின்பு கழற்றும்போது காலும் சேர்ந்து சுழலும், பலகை வெளிவர மறுக்கும். எல்லாத் திருகாணியையும் முதலில் இரண்டு மூன்று சுற்று மட்டும் இட்டு, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குக. அசையாமல் நின்றாற் போதும். திருப்புளி வழுக்கினாற் கீறுவது பலகையைத்தான்.

முதன்முறை பொத்தானை அழுத்தும்போது விசிறி சிறிது சுற்றி நிற்குமாயின் மறுபடியும் அழுத்தற்க. சுவர்ச்செருகியைப் பிடுங்கிப் பலகையை வெளியே எடுத்து, அட்டைமேல் வைத்துச் சோதிக்க. ஆண்டு ஓடினால் பெட்டியுள் எங்கோ தொடலாகாதது தொடுகின்றது.

எரிந்த பலகையின் விலையை யானே கொடுத்து அடுத்த வாரம் மற்றொன்று வாங்கினேன். அம்முறை பலகையை என் கையிற் கொடாமல், மாணாக்கருள் ஒருத்தி அதன் துளைகளை உரக்க எண்ணினாள். மற்றொருவன் பெட்டியின் கால்களை எண்ணினான். ஒன்பது துளை, பதினொரு கால். மிகுந்த இரண்டையும் கழற்றி என் மேசைமேல் வைத்தனர். அவற்றுள் ஒன்றன் தலையிற் கறுத்த புள்ளி ஒன்று இருந்தது. அன்று மாலை விசிறி நிற்காமற் சுழன்றது. புதன்கிழமை தேர்வு நடந்தது.